கண்ணாடி இழைப் படகில் மறைந்திருக்கும் மக்கல்

கண்ணாடி இழை மக்குவதில்லை; ஆயின் அதனுள் பொதிந்த ஒட்டுப்பலகைத் தளம் மக்கும். திருகாணித் துளை வழியே நீர் புகுந்து, மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டிற்கு மேல் நிலைத்திருப்பின் பூஞ்சணம் வளர ஏதுவாகும். இத்தகைய மரச்சிதைவு, பெங்களூருவில் 1938-இல் வன ஆராய்ச்சிக்கூடமாகத் தோன்றிய மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறைகளுள் ஒன்றாகும்.

மிதித்தால் அமுங்கும் தளத்தைச் சிறு சுத்தியலால் சாண் இடைவெளியில் தட்டிப் பார்த்தல் வேண்டும். தெளிந்த ஒலி பெரும்பாலும் உறுதியைக் குறிக்கும். மந்தமான ஒலி எழுமாயின் பலகை மக்கியிருக்கலாம். இழைப்படலம் பலகையினின்று பிரிந்தும் இருக்கலாம். ஐயமுள்ள இடத்தில், அடிப்புறம் ஊடுருவாதவாறு மேலிருந்து சிறு துளையிட்டுத் தூளை நோக்குக. கருத்து, ஈரமாயிருப்பின் அது மக்கலின் அறிகுறி.

உலர்ந்த, வெளிறிய தூள் கிடைக்கும் எல்லை வரை பலகையை அகற்றுதல் இன்றியமையாதது. மேலே மட்டும் பூசி மூடினால் ஈரம் உள்ளே அடைபடும். பழுது கண்ணுக்கு மறையும், கடலில் மறையாது.