இலையுதிர்க்கும் பன்னம்

குளிர்நாட்டுப் பன்னங்கள் சில பனிக்காலத்தில் மடிந்து, வேனிலில் வேர்த்தண்டிலிருந்து மீளத் தளிர்ப்பன. வரக்காப்பொலப் பகுதியிற் பனிக்காலம் இல்லை. தை மாசி வறட்சியே உண்டு. அவ்வறட்சிக்கு இலையுதிர்க்கும் பன்னமும் இலங்கையில் உளது. மரத்திலும் பாறையிலும் படரும் அதனைக் கொல்லிமலையார் முடவாட்டுக்கால் என்பர். மயிரடர்ந்த வேர்த்தண்டு ஆட்டுக்காலை ஒத்திருத்தலே காரணம். 1753இல் லின்னேயசு இட்ட பெயரோ ஓக்கு மரத்தின் இலையைச் சுட்டுவது.

இதன் இலைகள் இருவகைய. நீண்ட பச்சையிலைகள் உணவு சமைத்து, அடிப்புறத்தில் வித்திகளைத் தாங்கி, வறட்சியில் மடல்களை உதிர்த்து நடுநரம்பாய் எஞ்சும். அடியிலுள்ள குட்டையிலைகளோ விரைவிற் கபிலநிறமாகிக் காய்ந்தும் வீழாது, கூடைபோல் நின்று சருகினை ஏந்துகின்றன. அச்சருகு மக்கியதே செடிக்கு உரம். ஈரத்தைத் தேக்குவதும் அதுவே. தோட்டத்தைத் துப்புரவாக்க விழைவோர் முதலிற் பிடுங்குவது இக்கூடையைத்தான்! செத்த இலையெனக் கருதிச் செடியைப் பட்டினியிடுகின்றனர்.

நடுமுறை எளிது. வேர்த்தண்டை மண்ணிற் புதைத்தால் அழுகும். நிழல்மரத்தின் கரடான பட்டையில் தும்புக் கயிற்றாற் கட்டி, வேர் பற்றும்வரை ஈரம் காத்தல் வேண்டும். வைகாசி மழைக்குச் சற்று முன் கட்டுதல் நன்று. மறுவறட்சியில் வெறும் நரம்புகளைக் கண்டு அஞ்சி நீர் சொரிய வேண்டியதில்லை. மழை வந்ததும் தண்டின் நுனியிற் புதுச்சுருள் விரியும்.