கைக்கெட்டாத கண்ணாடி

விண்வெளித் தொலைநோக்கியின் உயிர்நிலை அதன் கண்ணாடியே. அது மயிரிழையும் பிசகலாகாது என்பார்கள். உண்மையில் மயிரிழையின் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலே போதும், முயற்சி அனைத்தும் மங்கிப் போகும்.

1990-ஆம் ஆண்டில் அமெரிக்கர் வானில் ஏற்றிய ஹப்பிள் தொலைநோக்கிக்கு அதுதான் நேர்ந்தது. அதன் கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். வெகு நுட்பமாகத் தேய்க்கப்பட்டது. ஆனால் அதைச் சோதித்த கருவியிலே ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியிருந்தது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும் அவை புறக்கணிக்கப்பட்டன. 1993-இல் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று திருத்துங் கருவிகளைப் பொருத்திய பின்னரே பார்வை தெளிந்தது.

2021 டிசம்பர் 25-ஆம் தேதி புறப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு இந்த வசதி இல்லை. அது நிற்பது சுமார் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால். அதன் கண்ணாடி 6.5 மீட்டர் அகலம். சுமந்து சென்ற ராக்கெட்டின் முகப்புக் கூடோ சுமார் 5.4 மீட்டரே. ஆகவே, இலேசும் விறைப்பும் ஒருங்கே உடைய பெரிலிய உலோகத்தால் 18 அறுகோணத் துண்டுகள் செய்து, இரு பக்கங்களையும் மடக்கி அனுப்பினர். ஹப்பிளின் கண்ணாடி 828 கிலோ. இங்கே ஒரு துண்டின் பெரிலியம் சுமார் 20 கிலோவே.

அங்குள்ள குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 220 டிகிரிக்கும் அதிகம். அக்குளிரில் உலோகம் சுருங்கி உருமாறும். எனவே துண்டுகளை முன்னதாகவே குளிரூட்டி, மாறுதலை அளந்து, அதற்கு நேர் எதிராகத் தேய்த்தார்கள். பூமியில் கோணலாயிருந்தது விண்ணில் செம்மையாயிற்று. அதற்கு மேலும், ஒவ்வொரு துண்டின் பின்னும் ஏழு நுண்ணியக்கிகள் வைத்தனர்: ஆறு அதன் நிலையைத் திருத்த, ஒன்று வளைவைத் திருத்த. 2022 மே மாதத்தில் விண்தூசி ஒன்று தாக்கி ஒரு துண்டு பழுதுற்றபோது, இவற்றைக் கொண்டே அதன் தீங்கைக் குறைத்தனர்.

பல்லாண்டுத் தாமதமும் சுமார் 1,000 கோடி டாலர் செலவும் கண்டனத்துக்குள்ளாயின. கவனக்குறைவால் விளைந்த தாமதத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆயின் சோதனைக்குச் செலவிட்ட காலத்தையும் பொருளையும் விரயமென்பது அறியாமையாகும். நம் கைவேலையில் பிழை நேரலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தவும் வழி வைப்பவனே தேர்ந்த பொறியாளன். ஹப்பிளில் கற்ற பாடம் வெப்பில் வீண் போகவில்லை என்பதே நமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.