சுவரில் ஒரு பனங்காடு

செல்வனுக்கு மனம் நொந்தால் உதகைக் குளிர்மலை! ஆலைத் தொழிலாளிக்கு? மனநல மருத்துவமனையின் கம்பிச் சன்னல், வெற்றுச் சுவர்!

அந்தச் சுவரில் படம் மாட்டலாமே! எந்தப் படம்? சுவீடன் மனநல மருத்துவமனை ஒன்றில் நோயாளிகள் சில ஓவியங்களைத் தாக்கினர். எவற்றை? பொருள் விளங்காத கோடும் வண்ணமும் குழம்பியவற்றை! இயற்கைக் காட்சிகளில் கைவைத்தாரில்லை. ஆய்ந்துரைத்தவர் அறிஞர் உல்ரிச். சன்னல்வழி மரம் கண்ட அறுவை நோயாளிகள், செங்கற்சுவர் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று 1984இல் காட்டியவரும் அவரே.

நமக்கு ஆல்ப்ஸ் பனிமலை எதற்கு, தோழர்களே? தஞ்சைக்காரனுக்கு வாய்க்காலும் நாற்றும், முகவைக்காரனுக்குப் பனங்காடு! கண்டதும் 'எங்க ஊரு' என்று வாய் திறப்பானே!

ஆடம்பரம் என்கிறார்களா? 2001இல் ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்ட 28 மனநோயாளிகள் மாண்டனர். சங்கிலிக்குக் காசு இருந்தது, வேப்பங்கன்றுக்கு இல்லையா?