செய்வதற்கு ஒன்றுமில்லையா?

"இனி எங்களால் ஆவது ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்." மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரை மாநகருக்கு நம்பிக்கையோடு வந்த குடும்பம் இச்சொற்களைக் கேட்டுத் திரும்புகையில், அப்பேருந்துப் பயணம் எத்துணை நீண்டதாய்த் தோன்றும்! ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயின் வேகத்தைச் சிறிது தணிக்க மருந்துண்டு; நீக்க மருந்தில்லை. ஆயினும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது மெய்யன்று.

1869-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விளக்கியுரைத்த இந்நோய், தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. கை, கால், நாவு, தொண்டை, ஈற்றில் மூச்சுத் தசைகள் எனத் தளர்ச்சி பரவும். பெரும்பாலோர் நோய் தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் மரிக்கின்றனர். இது தொற்றுநோயன்று, எவருடைய பாவத்திற்கும் தண்டனையன்று. பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர் வினவியபோது நம் ஆண்டவர் அவ்வெண்ணத்தை மறுத்தாரன்றோ? பெரும்பாலோர்க்கு அறிவும் கண்ணசைவும் தொடுவுணர்வும் இறுதிவரை நிலைக்கின்றன. ஆதலின் அசையாது கிடப்பவர்க்கும் வலியுண்டு. பேச இயலாதவர்க்கும் சொல்ல வேண்டியது உண்டு.

இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணும் வலியும் குறையும். தண்ணீர் புரையேறுபவர்க்கும் கெட்டியான கூழ் எளிதில் இறங்குவதுண்டு. விழுங்கவே இயலாதபோது வயிற்றில் குழாய் வைத்து உணவூட்டலாம். உயிரெழுத்து பன்னிரண்டையும் மெய்யெழுத்து பதினெட்டையும் ஓர் அட்டையில் எழுதி, விரலால் சுட்டிச் செல்லுங்கள். வேண்டிய எழுத்தில் அவர் கண்ணிமைப்பார். மெல்ல ஒரு சொல் பிறக்கும்.

மூச்சடைத்துத் துடித்து மாள நேருமோ என்பதே இந்நோயாளரின் பேரச்சம். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் மரித்தோரைப் பற்றி 2001-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலோர் அமைதியாகவே உயிர் நீத்தனர், ஒருவரும் விக்கி இறக்கவில்லை என்று கண்டது. மருத்துவர் அளந்து தரும் மார்பின் மருந்து மூச்சுத் திணறலைத் தணிக்கும்.

இத்தகைய பராமரிப்பை ஒரு கலையாக வளர்த்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். லண்டனில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் பணியாற்றித் தேர்ந்து, 1967-இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். புற்றுநோயாளரோடு இந்நரம்பு நோயாளரும் அங்கு இடம்பெற்றனர். நம் மதுரையிலும் ஐஸ்வர்யம் அறக்கட்டளை, இறுதிநிலை நோயாளர்க்கென நேத்ராவதி இல்லத்தை நிறுவியது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிக.

"மூச்சு இயந்திரம் வேண்டாமென்றால் பாவமா, சுவாமி?" என்று கலங்குவோர் உண்டு. பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1957-லேயே இதற்கு விடையளித்தார். மிகுந்த சுமையாகும் அசாதாரண மருத்துவத்தை ஏற்கக் கடமையில்லை. வேதனையைத் தணிக்க மருந்து கொள்ளுதலும் தகும். ஆனால் கருணைக் கொலை ஒருபோதும் ஆகாது. நோயில்பூசுதலுக்குக் கடைசி மூச்சுவரை காத்திராதீர்கள். நற்கருணை அப்பத்தை விழுங்க இயலாதவர்க்குத் திரு இரத்தத்தின் ஒரு துளியை வழங்கத் திருச்சபைச் சட்டம் இடந்தருகிறது. பங்குக் குருவிடம் தயங்காது கூறுங்கள்.

ஈற்றாக, நோயாளரைக் காப்பவரை நினைமின்! இரவெல்லாம் கண்விழித்துப் பகலெல்லாம் வேலை செய்யும் மனைவிக்கு உறக்கமே மருந்து. சீரேன் ஊர்ச் சீமோன் சிலுவையை நீக்கவில்லை. சிறிது தூரம் சுமந்தார். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் அன்பியத்தாரும் முறைவைத்துக்கொண்டு, வாரம் ஓர் இரவு நோயாளரின் அருகிருந்தால், அவ்வீட்டுத் தாய் அன்றொரு நாளேனும் அயர்ந்துறங்குவாள். இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. உங்கள் தெருவில் அப்படியொரு வீடு உண்டா? இன்று மாலையே சென்று, எந்த இரவு வரலாம் என்று கேளுங்கள்.