ஆற்றில் போட்டது எங்கே போகிறது?



மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் நம்ம தோட்டங்களுக்கு நடுவே ஓடி, கீழே ஒன்று சேர்ந்து களனி கங்கை ஆகின்றன. ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடும் இந்தக் கங்கை, கொழும்பில் முகத்துவாரம் என்ற இடத்தில் கடலில் விழுகிறது. "ஆத்துல போட்டா போயிரும்" என்று நாம் சொல்வதுண்டு. எங்கே போகிறது என்று பார்ப்போம்.

இலை தழை அழுகி மண்ணாகிவிடும். ஈயம், கட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் அப்படி அழிவதில்லை. கங்கை இறங்கும் வழியில் தொழிற்சாலைக் கழிவும் நகரத்து வடிகால் நீரும் சேர்கின்றன. முகத்துவாரத்தில் ஓட்டம் குறைந்து உப்புநீர் கலக்கும்போது, நுண்ணிய சேறு திரண்டு அடியில் படிகிறது. உலோகத்தில் பெரும்பங்கு அந்தச் சேற்றோடு தங்கிவிடும்.

அந்தச் சேற்றில்தான் புழு, இறால், நண்டு, மட்டி எல்லாம் இரை தேடுகின்றன. இரை வழியாகவும் செவுள் வழியாகவும் உடம்புக்குள் போன உலோகம் சீக்கிரம் வெளியேறாது. தினமும் ஒரு சதம் உண்டியலில் போடுவது போல, ஈரலிலும் சிறுநீரகத்திலும் எலும்பிலும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பாதரசம் இன்னும் பொல்லாதது. சேற்றிலுள்ள நுண்கிருமிகள் அதை மெதைல் பாதரசம் என்ற நஞ்சாக மாற்றுகின்றன. அது மீனின் சதையிலேயே தங்கும். சின்ன மீன்களைப் பெரிய மீன் தின்னும். பெரிய மீன்களைச் சுறா தின்னும். படிக்குப் படி நஞ்சு கூடும். கழுவினாலும் பொரித்தாலும் கருவாடு போட்டாலும் போகாது.

யப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அந்த மீனைத் தின்றவர்களுக்கு நரம்பு நோய் வந்தது 1956இல் வெளியே தெரிந்தது. சுகமாகத் தெரிந்த தாய்மாருக்குக்கூடப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்தன. வயிற்றுப் பிள்ளையின் மூளையைத்தான் இந்த நஞ்சு முதலில் தாக்கும்.

இதைக் கேட்டு மீனையே விட்டுவிடாதீர்கள். மீன் நல்ல சத்துணவு. கவனிக்க வேண்டியவை இவைதான்:

1. நெத்தலி, சாளை, சூடை போன்ற சின்ன மீன்களை வாங்குங்கள். விலையும் குறைவு.

2. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறு பிள்ளைகள் சுறாவையும், வாள் போல நீண்ட மூக்குள்ள கொப்பரா மீனையும் தவிர்க்க வேண்டும். கருவாடானாலும் அப்படித்தான்.

3. மீனின் குடலையும் ஈரலையும் சமைக்காமல் ஒதுக்குங்கள்.

4. பழைய வாகன பற்றரியை லயத்துப் பக்கம் உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம். அந்த ஈயம் நம்ம பிள்ளைகளுக்கே முதல் கேடு. பற்றரிக் கடையில் கொடுத்துவிடுங்கள். டோர்ச் பற்றரியையும் ஓடையில் எறியாமல் ஒரு டப்பாவில் தனியாகச் சேருங்கள்.

முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்களும் நம்மைப் போல அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான். அவர்கள் பிடிக்கும் மீன் லொறி ஏறி நம்ம மலைக்கும் வரலாம். மேலே இருக்கிற நாம் தண்ணியைச் சுத்தமாக அனுப்பி வைப்போம்.