நினைவும் மறதியும்

தேர்வு நெருங்குங்கால், "கற்றதெல்லாம் எங்கே போயிற்று?" என்று வருந்தாத மாணவர் நம்முள் அரியர். மறதியைச் சோம்பலின் விளைவென்று சிலர் இகழ்வர். அறிவின் குறையென்று சிலர் அஞ்சுவர். மறதி எல்லார்க்கும் இயல்பாயதென்பதை உளநூலார் சோதனைகளால் விளக்கியுள்ளனர். அவற்றுள் சிலவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்பார் தம்மையே சோதனைப் பொருளாகக் கொண்டார். பொருளுடைய சொற்கள் பழைய எண்ணங்களை எழுப்பி நினைவிற்குத் துணை செய்துவிடுமாதலின், பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 இயற்றி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடஞ் செய்தார். பின்னர் அதே வரிசையை மீண்டுங் கற்கையில் எவ்வளவு காலம் மிச்சமாகின்றது என்று அளந்தார். அம்மிச்சமே எஞ்சிய நினைவிற்கு அளவாயிற்று. 1885-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின்படி, அது 20 நிமிடங் கழிந்தபின் நூற்றுக்கு 58. ஒரு நாள் கழிந்தபின் 34. ஒரு திங்கள் கழிந்தபின் 21. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்வதை இதனால் அறியலாம். மேலும், முந்திய ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பகுத்து 38 முறை ஓதியே அவர் பெற்றார்.

ஆயின், பொருளற்ற அசைகளை நினைப்பதும் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நினைப்பதும் ஒன்றாமோ? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரடரிக் பார்ட்லெட், அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றை ஆங்கிலேயர் சிலர்க்குப் படிக்கக் கொடுத்து, காலம் விட்டுப் பன்முறை திருப்பிச் சொல்லச் செய்தார். அவர்கள் தமக்கு விளங்காதவற்றை விடுத்தும், பழகியவற்றிற்கேற்ப மாற்றியுங் கூறினர். நினைத்தல் என்பது களஞ்சியத்தினின்று நெல்லை அள்ளுதல் போன்றதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுதல் போன்றது என்று 1932-ஆம் ஆண்டு நூலில் அவர் நிறுவினார்.

1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லாப்டஸ், ஜான் பாமர் என்னும் இருவர், மோட்டார் வண்டி விபத்துப் படமொன்றைப் பலர்க்குக் காட்டினர். "வண்டிகள் மோதியபோது வேகம் என்ன?" என்று 50 பேரையும், "நொறுங்க மோதியபோது வேகம் என்ன?" என்று வேறு 50 பேரையும் வினவினர். ஒரு வாரங் கழித்து, "உடைந்த கண்ணாடியைக் கண்டீரோ?" என்றபோது, முன்னவருள் 7 பேரும் பின்னவருள் 16 பேரும் கண்டோம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! வினாவின் ஒரு சொல் நினைவையே மாற்றுமாயின், நீதிமன்றத்திற் சாட்சியை வினவுவோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

சென்ற விடுமுறையில், எம் பாட்டனார் இறந்த நாளைக் குறித்து யானும் என் தமக்கையும் வெவ்வேறாகக் கூறி, ஒருவரையொருவர் பொய்யரென்று சினந்து பிரிந்தோம். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதை இப்போது உணர்கின்றேன். நண்பர்களே, பாடங்களை இடைவிட்டுப் பலகால் ஓதுவோமாக. பிறர் நினைவு நம் நினைவொடு மாறுபடின், பழிக்குமுன் சிறிது பொறுப்போமாக.