கழுவாயும் கூட்டுப்பொறுப்பும்

செய்த தீவினைக்கு இரங்கித் திருந்துதலை யூதர் 'தெஷுவா' என்பர். திரும்புதல் என்பது அச்சொல்லின் பொருள். யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாளில் அவர் தம் பிழைகளை அறிக்கையிடுங்கால் 'யான்' என்னாது 'யாம்' என்றே சொல்வர். தாம் செய்யாத பிழையையும் உடன்சேர்த்துச் சொல்வர். இஸ்ரவேலர் அனைவரும் ஒருவர்க்கொருவர் பிணை என்பது தல்மூதின் கொள்கை. ஆயினும், பிறர்க்கு இழைத்த பிழை அவரை ஆற்றுவித்தாலன்றி நோன்பினால் தீராதென மிஷ்னா விதிக்கும்.

அற்றேல், அவரவர் வினை அவரவரையே சாருமாகலின், ஒருவர் பிழைக்குப் பலர் இரங்குதல் யாங்ஙனம் பொருந்துமெனின், கூறுதும்: வினை மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படும். ஒருவன் கையாற் செய்த தீமைக்குப் பலர் மனத்தான் உடன்பட்டிருப்பின், அவ்வுடன்பாடு அவரவர் வினையேயாம். ஆகவே 'யாம்' என்னும் அறிக்கை சித்தாந்தத்தொடு முரணாது.

இதனை நம் நாட்டு வரலாற்றில் வைத்துக் காண்பாம். 1897-ஆம் ஆண்டு கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுள் நாடார் சிலர் புகுந்து வழிபட்டனர். பாஸ்கர சேதுபதி தொடுத்த வழக்கில், 1899-இல் நீதிமன்றம் அவர் நுழைவைத் தடுத்ததன்றிக் கோயிலைத் தூய்மைசெய்யும் செலவையும் அவர்மேற் சுமத்தியது. 1908-இல் பிரிவி கௌன்சிலும் நுழைவுத் தடையை நிலைநிறுத்திற்று. சிவகாசியிலோ கோயில் நுழைவு பற்றிய பூசல் முற்றி, 1899 ஜூன் 6-ஆம் நாள் பெருங்கலகமாய் உயிர்ப்பலி கொண்டது. கழுவாய் விதிக்கப்பட்டது வழிபட வந்தார்க்கேயன்றித் தடுத்தார்க்கன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

முன்பு பிழைசெய்த அதே வாய்ப்பு மீண்டும் எய்தியவழிப் பிழையாது விலகுதலே நிறைவான திருந்துதல் என்பர் யூதப் பேராசிரியர் மைமோனிடீஸ் (1138–1204). அவ்வாய்ப்பு 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயில் வாயிலில் எய்தியது. அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச்சென்றாருள் ஐவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஒருவர் விருதுநகர் நகராட்சி உறுப்பினர் சண்முக நாடார். அன்று வாயில் அடைபடவில்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணக் கோயில்களின் வாயில்களை அனைத்து இந்துக்கட்கும் திறந்தது.

வாயில் திறந்தமையாற் கழுவாய் முற்றிற்றோ எனின், முற்றிலது என்க. என்னை? தடுக்கப்பட்டாரை ஆற்றுவித்தல் எஞ்சியுள்ளதன்றோ! அன்றைத் தடையை இன்றும் முறையென வாதிப்பார், கையால் யாதும் செய்யாராயினும், மனத்தான் அதனை மீளச் செய்தாராவர். அதனைப் பிழையென்று வெளிப்பட மொழிதலே ஆற்றுவித்தற்கு முதற்படியாம்.